மருந்து படாதவர்

ராயக்கோட்டை சந்தைக்குப் பின்னால்
பால் சொசைட்டி வாசலில் மேசை போட்டு
ஐப்பசி முழுக்க ரத்தம் எடுத்தோம்.
சிவப்பு மூடிக் குழாயில் டெங்கு வந்த தடம் தேட,
ஊதா மூடியில், தக்காளிக்கு அடித்தது
நரம்பின் நொதியை எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்க.
இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால்
காய்ச்சல் நீளுமா?
டாக்டர் நஸ்ரின் இதை நான்கு பக்க ஆங்கிலத்தில் எழுதி
நிதி வாங்கியிருந்தார்.
நான் அதைத் தமிழிலும் தெலுங்கிலும்
ஆட்களிடம் கேட்க வேண்டும்.

முப்பத்தொன்றாம் எண், திம்மராயன்.
கை சுட்டது. நரம்பு
கயிறு மாதிரி புடைத்திருந்தது, குத்த எளிது.
"கடைசியா எப்பங்க மருந்து?"
"நேத்து சாயந்திரம். ரெண்டு டேங்க்."
நான் மாத்திரையைக் கேட்டேன்.
அவர் தோட்டத்தைச் சொன்னார்.
"காய்ச்சலோடவா?"
"காய்ச்சல் எனக்குத்தானே மேடம். புழு செடிக்கு."
பெயர் தெரியாது. மஞ்சள் டப்பா.
மூக்கில் ஏறினால் நல்ல மருந்து.

அன்றைக்குத்தான் தெரிந்தது
பதினொன்றாம் கேள்விக்கு
பாதிப் பேர் வேறெதற்கோ பதில் சொல்லியிருந்தார்கள்.
ஆஸ்பத்திரி ஜன்னலில் கொடுப்பதும் மருந்து,
தெளிப்பானில் ஊற்றுவதும் மருந்து,
சாலம்மாவின் மகன் போன வருஷம்
கடன் தவணைக்கு முந்தின ராத்திரி குடித்ததும்.
டெங்கு வராமலிருக்கத் தெருவில் விடுகிறார்களே
வெள்ளைப் புகை, அதுவும்.
பிள்ளைகள் அதற்குள் ஓடி மறைந்து
சிரிப்பாக மட்டும் வெளியே வருகிறார்கள்.
கேள்வியை அடித்து எழுதி
இருபத்தாறு பேரை மறுபடி தேடிப் போனேன்.

பிறகு ஒப்பிட ஆள் வேண்டும் என்றார்கள்.
மருந்து படாதவர், நாற்பது பேர்.
அதே வயது, அதே தண்ணீர், அதே கொசு.
வாத்தியார் ஒருவர் வந்தார்;
வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் ரோஜா.
தபால்காரர், மாமனார் தோப்பில்
மா பூக்கும்போது டிரம் கலக்குகிறவர்.
டீக்கடை பர்வீனுக்கு அடுத்த கதவு உரக்கடை.
பூசாரி சட்டையே போடாமல் வந்து உட்கார்ந்தார்.
"சாமிக்கு வர்ற மாலைய
ஒருதரம் மோந்து பாத்துட்டு வந்து எடும்மா" என்று
எழுந்து போய்விட்டார்.
ஆறு வாரத்தில் மூன்று பேர்.
அதில் ஒருவர் முந்தின நாள்தான்
மருமகளைப் பார்க்க பெங்களூரிலிருந்து வந்தவர்.

குழாய்கள் மிச்சமிருந்தன.
பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி
என் இடது கையை நானே குத்திக்கொண்டேன்.
கிருஷ்ணகிரி பழையபேட்டை, மூன்றாவது மாடி,
துளசித் தொட்டிகூட இல்லாத வீடு.
என்னைவிடப் படாதவர் யார்?

இயந்திரம் சுழன்று நின்றது.
மேலே தெளிந்த மஞ்சள்
திம்மராயனுடையதைப் போலத்தான் இருந்தது.
அளவு கொஞ்சம் கீழே.
"இது உன் இயல்பாவும் இருக்கலாம்,
ஆளுக்கு ஆள் மாறும்.
முன்னாடி எப்பவாவது எடுத்திருக்கியா?" என்றார் நஸ்ரின்.
இல்லை.
முப்பத்தொன்றுக்கும் இல்லை,
நூற்றெட்டுக்கும் இல்லை.
முதல் டப்பாவைத் திருகித் திறந்த காலையில்
யாரும் யார் கையையும் நீட்டச் சொல்லவில்லை.

பட்டவர் / படாதவர், ஒன்றை வட்டமிடவும்.
நான் போட்ட வட்டம்
நடுவில் சாய்கோட்டின்மேல் விழுந்தது.
படிவம் திரும்பி வந்தது.

திம்மராயனுக்குப் போன் செய்தேன்.
டெங்குதான். தண்ணீர் நிறையக் குடியுங்கள்,
ரத்தம் தெரிந்தால் உடனே வாருங்கள்,
தோட்டத்துப் பக்கம் பத்து நாள் வேண்டாம்.
"சரிங்க மேடம்.
மழை விட்டிருக்கு, காய்க்கு வெலையும் வந்திருக்கு.
பையன அடிக்கச் சொல்லிட்டேன்."
பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.
பையனுக்கு என்ன வயது என்றேன்.
பதினாறு.

எங்கள் படிவம்
பதினெட்டில்தான் தொடங்குகிறது.